கோதுமைக் கோபுரம் சாய்ந்தது ஏன்?

1913-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 18-ந் தேதி. கனடா நாட்டில், வின்னிபெக் நகரத்துக்கு அருகே டிரான்ஸ்கோனா என்று ஓர் ஊர். அங்கே புத்தம் புதிய தானியக் களஞ்சியம் ஒன்று நிமிர்ந்து நின்றது.

நம் வீட்டுக் குதிரைப் போல நினைத்துவிடாதீர்கள். இது ராட்சதக் குதிர். 92 அடி உயரம். வட்டமான கான்கிரீட் குதிர்கள் 65. வரிசைக்கு 13 வீதம் ஐந்து வரிசை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டிடமாக நின்றன. பத்து லட்சம் புஷல் கோதுமையை அதற்குள் கொட்டலாம்.

அன்று அந்தக் கட்டிடம் பூமிக்குள் இறங்கத் தொடங்கியது!

பூகம்பம் இல்லை. வெடி விபத்து இல்லை. சுவரில் விரிசல் கூட இல்லை. நின்ற நிலையிலேயே ஒரு மணி நேரத்தில் ஒரு அடி இறங்கிவிட்டது. பிறகு மேற்குப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மெல்ல, மெல்லச் சாய்ந்தது. இரவு முழுவதும் சாய்ந்தது. 24 மணி நேரம் கழித்து அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய 27 டிகிரி சாய்ந்திருந்தது! பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் சாய்வு, அதிகபட்சமாக இருந்தபோது கூட 6 டிகிரியைத் தொடவில்லை.

மேற்குப் பக்கம் களிமண்ணில் ஆழமாகப் புதைந்துவிட்டது. கிழக்குப் பக்கம் இருந்த இடத்தை விட்டு மேலே எழும்பிவிட்டது. கட்டிடத்தைச் சுற்றி இருந்த மண் பிதுங்கி மேடாகியது. அந்த மண் மேடே கடைசியில் முட்டுக் கொடுத்து, கட்டிடம் முழுவதும் கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டது.

கட்டிடம் உடையவில்லை. அதுதான் அதிசயம். கொத்தனார் மீது குற்றம் இல்லை; சிமெண்டு மீது குற்றம் இல்லை; கம்பி மீதும் குற்றம் இல்லை. அப்படியானால் குற்றம் எங்கே?

காலுக்குக் கீழே!

சோதனை செய்தார்களா?

கனடாவின் மேற்குச் சமவெளிகளில் கோதுமை கொழிக்கிறது. அறுவடைக் காலம் வந்துவிட்டால் வின்னிபெக் ரயில் நிலையத்தில் கோதுமை வண்டிகள் கணக்கில்லாமல் வந்து குவியும். நெரிசலைக் குறைக்க, கனடியன் பசிபிக் ரயில்வே கம்பெனி டிரான்ஸ்கோனாவில் ஒரு பெரிய சரக்கு நிலையத்தை அமைத்தது. அதோடு சேர்ந்ததுதான் இந்தக் களஞ்சியம். 1911-ல் வேலை ஆரம்பமாகியது. 1913 செப்டம்பரில் கோதுமை நிரப்பத் தொடங்கினார்கள். ஒரே பக்கமாகக் கொட்டவில்லை. பாரம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி, பார்த்துப் பார்த்துத்தான் நிரப்பினார்கள்.

அஸ்திவாரமும் ஏனோதானோ என்று போட்டதல்ல. 12 அடி ஆழம் தோண்டி, அங்கே 77 அடி அகலமும் 195 அடி நீளமும் உள்ள ஒரே கான்கிரீட் மேடையைப் போட்டார்கள். மேடையின் கனம் 2 அடி. அதன் மேல்தான் 65 குதிர்களும் நின்றன.

மண்ணையும் சோதித்தார்கள். தோண்டிய குழியின் அடியில் சிறு பலகை ஒன்றை வைத்து, அதன் மேல் பாரம் ஏற்றிப் பார்த்தார்கள். சதுர அடிக்கு நான்கு முதல் ஐந்து டன் வரை தாங்கும் என்று அந்தச் சோதனை சொல்லியது.

ஏறிய பாரம் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலிக் கட்டிடத்தின் எடை 20,000 டன். சாய்ந்த அன்று உள்ளே 8,75,000 புஷல் கோதுமை இருந்தது. ஒரு புஷல் கோதுமை 60 ராத்தல். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,000 ராத்தல் ஒரு டன். ஆக, கோதுமை மட்டும் 26,000 டன்னுக்கு மேல். மொத்தம் 46,000 டன். மேடையின் பரப்போ 15,000 சதுர அடி. வகுத்துப் பார்த்தால், சதுர அடிக்கு மூன்று டன்தான்!

ஒவ்வொரு சதுர அடி மண்ணின் தலையிலும் ஒரு யானை நிற்பதற்குச் சமம் இது. ஆனால் நான்கு, ஐந்து டன் தாங்கும் என்று சோதனை சொன்ன மண் ஆயிற்றே? மூன்று டன்னுக்கே ஏன் வழிவிட்டது?

மெத்தையும் விரலும்

இதற்கு விடை தெரிய, வீட்டில் உள்ள பஞ்சு மெத்தையை நினைத்துக்கொண்டால் போதும்.

மெத்தையின் மேல் ஒரு விரலை வைத்து அமுக்குங்கள். விரலுக்குக் கீழே உள்ள கொஞ்சம் பஞ்சுதான் அமுங்கும். மெத்தையின் அடியில் பஞ்சு இருக்கிறதா, வைக்கோல் இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆள் அதில் படுத்துவிட்டால்? மெத்தை முழுவதும் அமுங்கும். அடியில் என்ன இருக்கிறது என்று முதுகுக்குத் தெரிந்துவிடும்.

மண்ணும் அப்படித்தான். மேலே ஏற்றும் பாரம் எவ்வளவு ஆழம் வரை போய் எட்டும் என்பது, அந்தப் பாரம் எவ்வளவு அகலத்தில் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது. சுமாராக, அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரை அது உறைக்கும். ஓர் அடிப் பலகை என்றால் இரண்டு அடி. 77 அடி மேடை என்றால்? இடையில் உள்ள மண் முழுவதையும் அழுத்தி, பாறை வரை போய் எட்டிவிடும்!

டிரான்ஸ்கோனாவில் மேல் மண் கெட்டியாக இருந்தது. பலகை தொட்டுப் பார்த்தது அந்த மேல் மண்ணைத்தான். அதற்குக் கீழே, நீர் கோத்த மெதுவான களிமண் இருந்தது. கெட்டித் தயிரின் மேல் ஆடை படிந்திருப்பது போல! ஆடையைத் தொட்டுவிட்டு, கீழேயும் அப்படியே என்று நினைத்துவிட்டார்கள். ஆழமாகத் துளை போட்டு அடி மண்ணை எடுத்துப் பார்க்கவில்லை.

அன்றைய எஞ்சினீயர்களை ரொம்பவும் குறை சொல்லிப் பயனில்லை. மண்ணின் பலத்தைக் கணக்குப் போடும் சாஸ்திரம் அப்போது முறையாகப் பிறக்கவே இல்லை. கார்ல் டெர்ஸாகி என்ற எஞ்சினீயர் அதைப் பற்றிய முதல் பெரிய நூலை வெளியிட்டது 1925-ல்தான்.

காணாமல் போன கடல்

இந்தக் களிமண் எங்கிருந்து வந்தது? அது ஒரு பழங்கதை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கனடா நாடு ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியால் மூடிக் கிடந்தது. நாம் காணும் ஆலங்கட்டி போல அல்ல. சில இடங்களில் அதன் கனம் ஒரு மைலுக்கும் மேல்! அந்தப் பனிப்பாளம் சும்மா இருக்கவில்லை. தன் பாரத்தாலேயே மெதுவாக நகர்ந்தது. நகர்ந்தபோது பாறைகளைச் சுரண்டியது, மலைகளை உராய்ந்தது, கல்லையும் மண்ணையும் அரைத்து இழுத்துக்கொண்டு போயிற்று. அடியில் அது அரைத்துப் போட்ட கலவையில் நைஸான மாவும் உண்டு, மணலும் உண்டு, வீடு போலப் பெரிய பாறாங்கல்லும் உண்டு.

பிறகு உலகம் மெல்லச் சூடேறியது. பனி உருகியது. உருகிய தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, ஒரு பெரிய ஏரியாயிற்று. இன்று வட அமெரிக்காவில் உள்ள ஐந்து பேரேரிகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த ஏரிக்கு ஈடாகாது என்கிறார்கள். பனியுகம் என்று ஒன்று இருந்ததை 1840-ல் நூல் எழுதி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அகாஸி என்ற அறிஞரின் பெயரை, 1879-ல் அந்தப் பழைய ஏரிக்கு வைத்தார்கள்.

அகாஸி ஏரி சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு வற்றிவிட்டது. வின்னிபெக் ஏரி அதன் மிச்சம். ஆனால் அது இருந்த காலமெல்லாம் கலங்கல் நீரில் இருந்து களிமண் படிந்துகொண்டே இருந்தது. அந்த வண்டலின் மேல்தான் இன்று வின்னிபெக் நகரம் இருக்கிறது. பூமி மேஜை போல மட்டமாக இருக்கும். கோதுமைக்கு உகந்த பூமி. மேல் களிமண் வெயிலிலும் உறைபனியிலும் காய்ந்து இறுகிவிட்டது. கீழ்க் களிமண் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஈரம் காயாமலே கிடக்கிறது. அதற்கும் கீழே பனி அரைத்த கல் மண். அதற்கும் கீழேதான் சுண்ணாம்புப் பாறை.

அந்த ஊரில் குடித்தனக்காரர்களுக்கும் இந்தக் களிமண்ணோடு ஓயாத மல்லுக்கட்டுதான். மழையில் உப்பும், வறட்சியில் சுருங்கும். வீட்டின் நிலவறைச் சுவர்கள் வெடிப்பது அங்கே சாதாரணம்.

சாய்ந்ததை நிமிர்த்தினார்கள்

சாய்ந்த களஞ்சியத்தை உடைத்துத் தள்ளியிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யவில்லை.

முதலில் உள்ளே இருந்த கோதுமையை வெளியே எடுத்தார்கள். பாரம் குறைந்தது. பிறகு கட்டிடத்தின் அடியில் ஆட்கள் இறங்கினார்கள். கிணறு வெட்டுவது போல, களிமண்ணைக் குடைந்து பாறை வரை குழிகள் தோண்டினார்கள். தலைக்கு மேலே சாய்ந்து நிற்பது 20,000 டன் கட்டிடம்! அதன் அடியில் மண்வெட்டி பிடித்து நின்ற கூலியாட்களின் தைரியத்தை என்னவென்று சொல்வது? தோண்டிய குழிகளில் கான்கிரீட்டை நிரப்பித் தூண்களாக்கினார்கள்.

மேலே எழும்பி நின்ற கிழக்குப் பக்கத்தில் அடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். தாழ்ந்த மேற்குப் பக்கத்தில் மரமுட்டுக் கொடுத்து, திருகு ஜாக்கிகளை வைத்துத் தள்ளினார்கள். கட்டிடம் அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தது. 1914-ல் நேராக நின்றுவிட்டது! பழைய மட்டத்துக்குத் தூக்க முடியவில்லை. முன்பு இருந்ததை விடப் பல அடி பள்ளத்தில்தான் நின்றது. ஆனாலும் இந்த முறை அது நின்றது பாறையின் மேல். பிறகு பல பத்தாண்டுகள் அதில் தானியம் கொட்டி வைத்தார்கள்.

கட்டிடம் நிமிர்ந்துவிட்டதால் சாய்ந்த கதையையும் மறந்துவிட்டார்கள். 38 ஆண்டுகள் கழித்து, 1951-ல் ரால்ப் பெக் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் பிரையண்ட் என்பவரும் அங்கே துளை போட்டு மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். மேல் களிமண் உறுதி. கீழ்க் களிமண் பலவீனம் என்பது தெளிவாயிற்று. புதிய சாஸ்திரப்படி கணக்குப் போட்டபோது, 1913-ல் ஏற்றிய பாரத்துக்கு அந்த மண் தாக்குப்பிடித்திருக்க வழியில்லை என்று தெரிந்தது. இரண்டொரு துளைகள் போட்டிருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்! 1953-ல் இதை வெளியிட்டார்கள். சாய்ந்ததைக் கண்ணால் கண்ட ஒயிட் என்பவரின் நினைவுக் குறிப்பும் அதே ஆண்டு அச்சாயிற்று.

விந்தையைப் பாருங்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1955 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் பார்கோ நகருக்கு அருகே புதிதாகக் கட்டிய ஒரு தானியக் களஞ்சியம் அடியோடு இடிந்து விழுந்தது. அதன் அடியில் இருந்ததும் அதே அகாஸி ஏரிக் களிமண்தான். அது நிமிர்த்துவதற்கு மிஞ்சவில்லை.

மண்ணுக்கு நாடி பார்ப்பது

இன்று பெரிய கட்டிடம் கட்டுகிறவர்கள் முதலில் செய்வது மண்ணுக்கு நாடி பார்ப்பது. முக்காலி போல நிற்கும் ஒரு யந்திரம் பூமியில் துளை போடும். சில அடிகளுக்கு ஒரு முறை துளையை நிறுத்திவிட்டு, அடியில் ஓர் இரும்புக் குழாயை இறக்குவார்கள். 140 ராத்தல் சம்மட்டியை 30 அங்குல உயரத்தில் இருந்து அதன் தலையில் போடுவார்கள். குழாய் 18 அங்குலம் இறங்க வேண்டும். முதல் 6 அங்குலம் கணக்கில் சேராது. மீதி 12 அங்குலம் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். மூன்று நான்கு அடியில் இறங்கிவிட்டால் களிமண் மெதுவானது. ஐம்பது அடி அடித்தும் அசையவில்லை என்றால் கெட்டி மண்.

களிமண்ணின் குணம் முழுவதும் தெரிய, சம்மட்டி மட்டும் போதாது. மெல்லிய தகட்டுக் குழாயை அதிராமல் அழுத்தி, மண்ணைக் கலையாமல் அப்படியே எடுப்பார்கள். ஈரம் போய்விடாமல் இரு முனையிலும் மெழுகு பூசுவார்கள். சோதனைச் சாலையில் அதை நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்பார்கள்.

பனி விட்டுப் போன மண்ணில் இதெல்லாம் செய்தாலும் ஏமாறலாம். துளை போட்டுக்கொண்டே போகிறார்கள். டங் என்று நின்றுவிடுகிறது. பாறை வந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். அது பாறையாக இருக்காது; பனி எப்போதோ உருட்டிக்கொண்டு வந்து போட்ட ஒரு பாறாங்கல்லாக இருக்கும். அதன் கீழே மறுபடியும் களிமண்! அதனால்தான், பாறை தட்டுப்பட்ட பிறகும் நிற்காமல் பத்தடியாவது அதைக் குடைந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே எல்லாம் மாறிவிடுவதும் உண்டு. ஒரு பக்கம் பாறை; சில கஜம் தள்ளிப் போனால், பனி குடைந்துவிட்டுப் போன பழைய பள்ளத்தாக்கு.

வடக்கே நார்வே, சுவீடன் நாடுகளில் வேறு ஓர் ஆபத்து. அங்கே பனி உருகிய காலத்தில் களிமண் கடலுக்கு அடியில் படிந்தது. பனியின் பாரம் நீங்கியதும் பூமி மேலே எழும்பியது. கடலடி தரையாயிற்று. பிறகு நல்ல தண்ணீர் ஊறி ஊறி, மண்ணில் இருந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. உப்புதான் அந்த மண் துகள்களைப் பிடித்துவைத்திருந்த பசை. உப்புப் போன களிமண் சீட்டுக்கட்டு வீடு போல நிற்கிறது. பார்வைக்குக் கெட்டி, கலைந்துவிட்டால் மோர் போல ஓடும்.

1978 ஏப்ரல் 29-ந் தேதி நார்வேயில் ரிஸ்ஸா என்ற இடத்தில் இது நடந்தது. ஒரு விவசாயி தன் தொழுவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கட்ட நினைத்தார். அதற்குக் கடைக்கால் தோண்டினார்கள். தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். அந்தப் பாரம் தாங்காமல் கரை சரிந்தது. அதைத் தொட்டு அடுத்த நிலம். அதைத் தொட்டு அதற்கடுத்த நிலம். கடைசியில் சுமார் 80 ஏக்கர் நிலம், வீடுகளும் பண்ணைகளுமாக, ஏரிக்குள் ஓடிவிட்டது! வீடு வீடாக நகர்ந்து போவதை யாரோ சினிமாக் காமிராவில் பிடித்தும் வைத்தார்கள். ஓர் உயிர் போயிற்று.

மலைக்குள் புதைந்தவர்கள்

ஒரே விபத்தில் 25 உயிர்கள் போன இடமும் உண்டு. அது ஸ்விட்ஸர்லாந்து.

ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து லோட்ச்பெர்க் ரயில் சுரங்கத்தை அமைக்கும் வேலை 1906-ல் தொடங்கியது. சுரங்கம் நேர் கோடாகப் போக வேண்டும் என்பது திட்டம். வழியில் காண்டர் ஆறு ஓடும் பள்ளத்தாக்கு ஒன்று குறுக்கிட்டது. சுரங்கம் போவதோ அதற்கு 500 அடிக்கும் அதிகமான ஆழத்தில். அவ்வளவு ஆழத்தில் கெட்டிப் பாறைதான் இருக்கும் என்று நம்பினார்கள்.

பனியாறு அந்தப் பள்ளத்தாக்கை அவர்கள் நினைத்ததை விட மிக ஆழமாகக் குடைந்து, பிறகு மணலாலும் கூழாங்கல்லாலும் நிரப்பிவிட்டுப் போயிருந்தது.

1908 ஜூலை 24-ந் தேதி, விடிவதற்கு முன் பாறைக்கு வெடி வைத்தார்கள். பாறை உடைந்தது. அதற்கு அப்பால் பாறை இல்லை! மணலும் தண்ணீரும் கல்லும் வெள்ளமாகச் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. உள்ளே வேலை செய்துகொண்டிருந்த 25 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி இத்தாலியில் இருந்து வந்த தொழிலாளிகள். பலருடைய உடலைக் கூட வெளியே எடுக்க முடியவில்லை. மணலால் அடைபட்ட பகுதியைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள்.

பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு, கெட்டிப் பாறை வழியாக வேறு பாதை வெட்டினார்கள். அதனால் சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய அரை மைல் கூடியது. டிரான்ஸ்கோனா களஞ்சியம் சாய்ந்த அதே 1913-ல் ரயில் ஓடத் தொடங்கியது. 2007-ல் மலையின் அடிவாரத்திலேயே புதிய சுரங்கம் ஒன்று வந்துவிட்டது. ஆனாலும் பழைய சுரங்கத்தில் இன்றும் ரயில் போகிறது. நேராகப் போக வேண்டிய வண்டி, மலைக்குள் பாதி வழியில் வளைந்து, அந்த மணல் பள்ளத்தை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போகிறது.